மாத வட்டியா, ஆண்டு வட்டியா? கிரெடிட் கார்டு வாங்கும்போது உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

என் தங்கை கேட்டாள்: "தனிநபர் கடனுக்கு 16 சதவீதம் சொல்கிறார்கள். கார்டு நிலுவைக்கு 3.5 சதவீதம்தான். பிறகு எதற்கு, அக்கா, கடன் வாங்கி இதை அடைக்க வேண்டும்?"

16 என்பது ஆண்டுக்கு, 3.5 என்பது மாதத்துக்கு. அந்த 'மாதத்துக்கு' என்ற சொல் விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் கிடந்தது. பன்னிரண்டால் பெருக்கினால் கார்டு வட்டி 42. கட்டாத வட்டி அசலோடு சேர்ந்து அதற்கும் வட்டி ஏறினால், 100 ஓர் ஆண்டில் 151 ஆகிவிடும். தாளில் போட்டுக் காட்டினேன். கடனுக்கான செயலாக்கக் கட்டணத்தைச் சேர்த்தும் பார்த்தோம். அப்போதும் கடன்தான் மலிவு. வாங்கி, கார்டை அடைத்துவிட்டாள்.

எனக்கு இதில் கோபம்தான் வருகிறது. ஆண்டு வட்டியைப் பெரிய எழுத்தில் போடாத விளம்பரத்தை அனுமதிக்கவே கூடாது.

*

அக்கா, ஆண்டு வட்டி என்று போட்டிருந்தாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. நான் இரண்டு கார்டுகளை ஒப்பிட்டேன். ஒன்றில் மாதம் 2.5, மற்றொன்றில் ஆண்டுக்கு 32. இரண்டரையைப் பன்னிரண்டால் பெருக்கினால் 30, ஆகவே முதல் கார்டே மேல் என்று தோன்றும். ஆனால் அந்த 32 கூட்டு வட்டியையும் சேர்த்துச் சொன்ன எண் என்றால் கதை மாறிவிடும். மாதம் 2.5 என்பது கூட்டு வட்டியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 34.5 ஆகிறது, அப்போது இரண்டாவது கார்டே மலிவு. வாடிக்கையாளர் சேவையில் பேசியவர் "ஆண்டு வட்டிதான் சார்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். எழுத்தில் கேட்டு மின்னஞ்சல் அனுப்பிய பிறகே, அது மாத வட்டியைப் பன்னிரண்டால் பெருக்கிய எண் என்று பதில் வந்தது. முதல் கார்டையே வாங்கினேன்.

*

விகிதத்தைவிட, வட்டி எந்த நாளில் தொடங்குகிறது என்பதே பலரை வீழ்த்துகிறது. என்னுடன் வேலை செய்பவர் மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் தவறாமல் கட்டிவந்தார். அபராதம் இல்லை என்பதால் எல்லாம் ஒழுங்காக இருப்பதாக நம்பினார். அவருடைய பில்லை வாங்கிப் பார்த்தேன். நிலுவை 10,000 என்றால் ஐந்து சதவீதமான 500 கட்டுகிறார். மூன்றரை வட்டியில் 350 வட்டிக்கே போகிறது. அசலில் கழிவது வெறும் 150!

அதோடு, முழுத் தொகையைக் கட்டாததால் வட்டியில்லாக் காலமும் போய்விட்டது. புதிதாக வாங்கிய ஒவ்வொரு பொருளுக்கும், கெடு தேதியிலிருந்து அல்ல, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடியிருந்தது. கார்டைப் போட்டு ரொக்கம் எடுத்ததற்கு எடுத்த நாளிலிருந்தே வட்டி, தனியாகக் கட்டணமும். இப்போது அவர் அந்தக் கார்டில் எதுவும் வாங்குவதில்லை. மாதம் 2,000 கட்டி நிலுவையைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்.