பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு ஹெல்த் செக்கப்: நீங்கள் கண்டது என்ன? (அனுபவப் பகிர்வு)

அரசுப் பள்ளி ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்:

எங்கள் பள்ளிக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஆர்.பி.எஸ்.கே. என்ற சிறார் நலத் திட்டத்தின் குழு வரும். 2013இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் அது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பார்ப்பார்கள். மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் எல்லோரும் ஒரே வண்டியில் வந்து இறங்குவார்கள். உயரம், எடை, கண், பல், தோல், நெஞ்சு என்று வகுப்பு வகுப்பாகப் பார்த்து முடிப்பதற்குள் மாலை மணி அடித்துவிடும். ஒரு பிள்ளைக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் என்ன பெரிதாகத் தெரிந்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். "உடம்புல சத்து இல்ல டீச்சர்" என்பார் அவள் அம்மா. அந்த ஆண்டு வந்த பெண் மருத்துவர் அவள் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டு நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் அம்மாவை வரச் சொல்லி விசாரித்தார். சில ஆண்டுகளுக்கு முன் தொண்டை வலியோடு காய்ச்சல் வந்திருக்கிறது. அது போனபின் முழங்கால் வீங்கி, அது வடிந்ததும் கணுக்கால் வீங்கியிருக்கிறது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்ததில் வால்வு கெட்டிருப்பது தெரிந்தது. ருமாட்டிக் இதய நோய். தொண்டையில் வந்த கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் எதிர்ப்பு சக்தியே இதய வால்வையும் தாக்கிவிடுவதால் வருவது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, குறைந்தது 10 ஆண்டுகளுக்கு. மறுபடி அந்தத் தொற்று வந்து வால்வு இன்னும் மோசமாகாமல் இருக்கத்தான் அந்த ஊசி.

ஊசி போடும் நாளில் அம்மாவுக்குக் கூலி போய்விடும். பிள்ளைக்கோ இடுப்பில் வலி இரண்டு நாளைக்கு இருக்கும். கிராம சுகாதார செவிலியர் நாள் குறித்து வைத்துக்கொண்டு, வரவில்லை என்றால் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டார். அவர் மட்டும் இல்லையென்றால் அந்த மருத்துவர் கேட்டுக் கண்டுபிடித்ததெல்லாம் ஒரு தாளோடு நின்றிருக்கும். அப்படி நின்றுபோனதையும் பார்த்திருக்கிறேன். மாவட்ட மருத்துவமனைக்குப் போகச் சொல்லி எழுதிக்கொடுத்த சீட்டு பையிலேயே கசங்கிக் கிடக்கும். 'கண்ணொளி காப்போம்' திட்டத்தில் இலவசமாகக் கண்ணாடி வரும். பெண்பிள்ளைகள் சிலர் அதைப் பெட்டியை விட்டு எடுக்கவே மாட்டார்கள். கண்ணாடி போட்டால் மாப்பிள்ளை கிடைக்காது என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் பேசும் பேச்சா அது?

---

ஒரு அம்மா, கோயம்புத்தூர்:

டீச்சர், எங்கள் கதை இதற்கு நேர்மாறு. என் மகளுக்கு 15 வயது ஆனதும் ஒரு தனியார் லேபில் 'டீன் கேர்ள் பேக்கேஜ்' என்று எடுத்தோம். அறுபதுக்கும் மேற்பட்ட டெஸ்ட், கூடவே வயிற்று ஸ்கேன். ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தது. சிவப்புக் குறி போட்டவை மூன்று: ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் அதிகம், எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் டெஸ்ட்) 5.8, ஸ்கேனில் இரண்டு சினைப்பையிலும் நிறைய நீர்க்குமிழ்கள். ஒரு மருத்துவர்கூடப் பார்க்காத அந்தத் தாளின் அடியில் "பிசிஓடி, ப்ரீ-டயாபட்டிஸ், நிபுணரை அணுகவும்" என்று அச்சாகி இருந்தது. அதாவது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. அவள் அதைப் படித்துவிட்டு அன்று இரவே சோற்றைத் தொடவில்லை. அடுத்த சில வாரங்களில் எடை இறங்கியது. மாதவிடாயும் தள்ளிப்போனது. ரிப்போர்ட் வருவதற்கு முன்பு வரை அது ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருந்தது!

பிறகு ஒரு குழந்தை மருத்துவரிடம் போனோம். அவர் முதலில் ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டு அவளிடம்தான் பேசினார். மாதவிடாய் எப்போது தொடங்கியது, முன்பு எத்தனை நாளுக்கு ஒருமுறை வந்தது, முகத்தில் முடி உண்டா, அதிகம் பரு வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வயதுக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகும்வரை ஸ்கேனை வைத்துப் பிசிஓஎஸ் (பிசிஓடியின் இன்னொரு பெயர்) என்று சொல்லக் கூடாது, இந்த வயதில் அப்படிக் குமிழ்கள் தெரிவது இயல்புதான் என்றார். 2018இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலே அப்படித்தான் சொல்கிறதாம். அப்படியென்றால் அந்த ஸ்கேனைப் பேக்கேஜில் ஏன் வைத்தார்கள் என்று எனக்கு இன்னும் ஆறவில்லை. மற்ற இரண்டையும் இங்கே யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும். அவர் சொன்னார், ஆனால் அப்போது எனக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை.

---

ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன், மதுரை:

நான் சொல்கிறேன் அம்மா. ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்ற என்சைம் கல்லீரலில் மட்டும் இல்லை, வளரும் எலும்பிலும் உண்டு. பிள்ளைகள் மளமளவென்று உயரும் வயதில் பெரியவர்களின் அளவைப்போல இரண்டு மூன்று மடங்குகூடப் போகும். பல லேபுகளில் கம்ப்யூட்டரில் பெரியவர்களின் நார்மல் அளவை மட்டும் ஏற்றி வைத்திருக்கிறார்கள். பதினான்கு வயதுப் பையனின் ரிப்போர்ட்டையும் அது அந்த அளவோடுதான் ஒப்பிட்டுச் சிவப்பு அடிக்கும்.

எச்பிஏ1சி விஷயம் இன்னும் முக்கியம். உங்கள் மகளுக்கு ஹீமோகுளோபின் எவ்வளவு இருந்தது என்று பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால், சர்க்கரை சரியாக இருந்தாலும் எச்பிஏ1சி கூடிக் காட்டும். அந்தப் பெண்ணுக்குத் தேவைப்படுவது இரும்பு. ரிப்போர்ட் சொல்வதோ சர்க்கரை.

இன்னொன்று. 'நார்மல் அளவு' என்பதே ஆரோக்கியமான நூறு பேரில் 95 பேர் வரும் எல்லையை வைத்து வகுப்பது. மீதி ஐந்து பேர் நோயே இல்லாமல் எல்லைக்கு வெளியே நிற்பார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், முழு ஆரோக்கியமான பிள்ளைக்கும் ஏதாவது ஒன்று சிவப்பில் வர 64 சதவீதம் வாய்ப்பு. அறுபது டெஸ்ட் எடுத்தால் சிவப்பு வராமல் இருப்பதுதான் அதிசயம். பேக்கேஜ் விற்பவர்களுக்கு இது தெரியாதது இல்லை.

---

ஒரு அம்மா, கோயம்புத்தூர்:

இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன் ஐயா. ஹீமோகுளோபின் 10.4. அதன் பக்கத்திலும் ஒரு சின்னக் குறி இருந்திருக்கிறது. மூன்று பெரிய வார்த்தைகளுக்கு நடுவே அது யார் கண்ணிலும் படவில்லை. குழந்தை மருத்துவர் கொடுத்தது இரும்பு மாத்திரைதான் என்று இப்போது புரிகிறது.

---

சமுதாய சுகாதார செவிலியர், தருமபுரி:

10.4 என்பது கவனிக்க வேண்டிய அளவுதான் அக்கா. இந்த வயதுப் பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் நாடு முழுக்க 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஆண்பிள்ளைகளில் 31 சதவீதம். பையன்களை யாரும் நினைப்பதில்லை, அதனால்தான் இந்த எண்ணையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பள்ளி முகாம்களில் ஒரு குறை உண்டு. நேரம் இல்லாதபோது கண் இமையின் கீழ்ப்புறம் வெளுத்திருக்கிறதா என்று பார்த்தே முடித்துவிடுவார்கள். ரொம்ப வெளுத்த பிள்ளை அதில் அகப்படும். லேசான ரத்தசோகை தப்பிவிடும். விரலில் குத்தி மீட்டரில் பார்த்தால்தான் நம்பலாம். வாரம் ஒரு நீல நிற இரும்பு மாத்திரையும், ஆண்டுக்கு இரண்டு தடவை பூச்சி மாத்திரையும் பள்ளியில் கொடுப்பது தடுப்புக்குத்தான். ஏற்கெனவே 10க்கு இறங்கிவிட்ட பிள்ளைக்கு அது போதாது. அவளுக்குத் தினமும் மாத்திரை, சில மாதங்கள் தொடர்ந்து, நடுவில் மறுபடி டெஸ்ட் வேண்டும். மாத்திரை போட்டதும் டீ குடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

ஜப்பானில் வசிப்பவர்:

இங்கே 1974 முதல் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை உண்டு. ஒரு சின்னக் குப்பியில் வீட்டிலிருந்தே எடுத்துப்போய்க் கொடுக்க வேண்டியதுதான். என் மகனும் கொடுக்கிறான். வெளியே எந்த அறிகுறியும் இல்லாத சிறுநீரக நோய்கள் அதில் பிடிபடுகின்றன.

இதே நாட்டில் இன்னொரு பரிசோதனையும் நடந்தது. 2011இல் புகுஷிமா அணு உலை விபத்துக்குப் பின், அப்போது 18 வயது வரை இருந்த அந்த மாகாணத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் கழுத்தில் அல்ட்ராசவுண்ட் வைத்து தைராய்டு பார்த்தார்கள். முதல் சுற்றில் சுமார் 3 லட்சம் பேரைப் பார்த்ததில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குப் புற்றுநோய் அல்லது அதன் சந்தேகம். பலருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. ஆனால் பிள்ளைகள் மீது பட்ட கதிர்வீச்சு அவ்வளவு நோயை உண்டாக்கும் அளவு இல்லை என்றுதான் ஐ.நா.வின் கதிர்வீச்சு அறிவியல் குழு சொன்னது. நுணுக்கமான கருவியால் எல்லோரையும் பார்த்ததே அந்த எண்ணிக்கைக்குக் காரணம் என்றும் சொன்னது. தேடாமல் இருந்திருந்தால் வாழ்நாள் முழுதும் தொந்தரவே கொடுக்காமல் இருந்திருக்கக்கூடிய கட்டிகளும் அதில் உண்டு. விபத்துக்குப் பின் மக்கள் அனைவருக்கும் தைராய்டு ஸ்கிரீனிங் செய்ய வேண்டாம் என்று 2018இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் நிபுணர் குழு பரிந்துரைத்தது. பரிசோதனை பள்ளி நேரத்திலேயே நடந்ததால் வேண்டாம் என்று சொல்லப் பிள்ளைகளுக்கு வழியில்லை என இங்குள்ள மருத்துவர்கள் சிலரே எழுதினார்கள். பதினாறு வயதில் 'கேன்சர்' என்ற பெயரைச் சுமக்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

---

கல்லூரி மாணவர், தூத்துக்குடி:

எனக்கு நிறக்குருடு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து மெர்ச்சன்ட் நேவி மெடிக்கலுக்குப் போனபோதுதான் தெரிந்தது. புள்ளிகளுக்கு நடுவே எண் காட்டும் இஷிஹாரா புத்தகம், இரண்டு நிமிட வேலை. குணப்படுத்த முடியாது, அதனால் பார்த்து என்ன பயன் என்று சொல்வார்கள். எட்டாம் வகுப்பில் தெரிந்திருந்தால் நான் வேறு கனவு கண்டிருப்பேன், அப்பாவும் கோச்சிங்குக்குக் கடன் வாங்கியிருக்க மாட்டார்.

---

பள்ளி ஆலோசகர், சென்னை:

உடம்பைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், மனதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 12 முதல் 18 வயது வரை எல்லோருக்கும் மனச்சோர்வுக்கான ஸ்கிரீனிங் செய்யலாம் என்று 2022இல் மறுபடியும் உறுதிசெய்தது. தற்கொலை எண்ணத்தைத் தனியாக ஸ்கிரீன் செய்வதற்கு மட்டும் போதிய ஆதாரம் இல்லை என்றது.

நான் பார்த்த ஒரு பள்ளியில் மனச்சோர்வை அறியும் ஒன்பது கேள்வித் தாளை வகுப்பிலேயே கொடுத்து, கிளாஸ் லீடரை விட்டு வாங்கிவரச் சொன்னார்கள். எல்லாத் தாளிலும் பூஜ்யம், அதாவது எந்தத் தொந்தரவும் இல்லை. பூஜ்யம் போட்ட ஒரு பெண் அடுத்த வாரம் என் அறைக்கு வந்து ஒரு மணி நேரம் அழுதாள். "பக்கத்துல இருக்கறவ பார்ப்பா மிஸ், வேற என்ன எழுதுறது?" என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. கேள்வி கேட்பவர் யார், தாளை யார் படிப்பார், அம்மா அப்பாவுக்குச் சொல்வார்களா என்று தெரியாமல் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. "ஆமாம், சாக வேண்டும் போல இருக்கிறது" என்று ஒரு பிள்ளை எழுதினால் அன்றைக்கே உட்கார்ந்து பேச ஆள் இருக்க வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத பள்ளிகள் தயவுசெய்து தாளைக் கொடுக்காதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மனஸ் எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம். அதைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள், அதற்கு முகாம் தேவையில்லை.

---

ஒரு அப்பா, திருச்சி:

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். பள்ளி முகாமில் என் மகனுக்கு பிபி 134/84 என்று எழுதியிருக்கிறார்கள். 14 வயது, கொஞ்சம் குண்டு. மாத்திரை ஆரம்பிக்க வேண்டுமா?

---

சமுதாய சுகாதார செவிலியர், தருமபுரி:

ஒரே ஒரு தடவை பார்த்ததை வைத்து ஆரம்பிக்க மாட்டார்கள் சார். 13 வயதுக்கு மேல் 130/80ஐத் தாண்டினால் அதிகம்தான், ஆனால் வெவ்வேறு நாளில் மூன்று தடவை பார்த்து மூன்றிலும் அப்படி இருந்தால்தான் ரத்த அழுத்தம் என்று சொல்வார்கள். வரிசையில் நின்று தள்ளுமுள்ளுவோடு பார்த்த அளவு கூடித்தான் இருக்கும். கையில் கட்டும் பட்டை அவன் கைக்குச் சின்னதாக இருந்தாலும் கூட்டிக் காட்டும், குண்டான பிள்ளைகளுக்கு இது அடிக்கடி நடக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஐந்து நிமிடம் உட்கார வைத்து, பெரிய பட்டையால் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது தடவையும் அப்படியே இருந்தால் மருத்துவர் சிறுநீர், கிரியேட்டினின் (சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று காட்டும் ரத்த டெஸ்ட்), தேவைப்பட்டால் சிறுநீரக ஸ்கேன் எழுதுவார். அவன் கழுத்தின் பின்பக்கம் தோல் கறுத்துத் தடித்திருந்தால் அதையும் அவரிடம் காட்டுங்கள், அப்போது சர்க்கரையும் பார்ப்பார்.