சிஆர்பி ஒப்பந்தம் உள்ள நிலத்தை வாங்கி மாடு விடலாமா?

புதுநிலம்: அமெரிக்காவில், கான்சாஸில் ஒரு கிராமப்புறக் கவுண்டியில் 240 ஏக்கர் விலைக்கு வருகிறது. அதில் 80 ஏக்கர் சிஆர்பியில் (பயிர் செய்யாமல் புல் வளர்க்க அரசு வருட வாடகை தரும் திட்டம்) இருக்கிறது, ஒப்பந்தம் இன்னும் 6 வருடம் பாக்கி. மீதியில் மாடு விட வேலியும் தண்ணீர்த் தொட்டியும் வேண்டும். வேலியை இப்போதே போட்டுவிட்டு, பில்லைக் காட்டி ஈக்விப்பில் (நிலப் பாதுகாப்பு வேலைகளின் செலவில் அரசு பங்கு தரும் திட்டம்) பணம் வாங்க முடியுமா? சிஆர்பி வாடகை தானாக என் பெயருக்கு மாறிவிடுமா?

கம்பிவேலி: ஈக்விப் ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் ஒரு கம்பம்கூட நடாதீர்கள். விலக்கு வாங்காமல் முன்னதாகத் தொடங்கிய வேலைக்குப் பணம் கிடையாது. விண்ணப்பம் கொடுத்துவிட்டோமே என்று வேலையை ஆரம்பித்துப் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

முதலில் எஃப்எஸ்ஏ (வேளாண் துறையின் பண்ணைச் சேவை முகமை) அலுவலகம் போங்கள். பண்ணை எண், மண், சதுப்புநில விதிகளை மதிப்பதாக உறுதி தரும் ஏடி-1026 படிவம், பண்ணையை யார் எப்படி நடத்துகிறார் என்று சொல்லும் சிசிசி-902, வருமானத்துக்கான சிசிசி-941 எல்லாம் அங்கேதான். இவை முடியாவிட்டால் ஈக்விப்பை நடத்தும் என்ஆர்சிஎஸ்ஸில் உங்கள் விண்ணப்பம் நகராது. நிலத்தை எல்எல்சி (வரையறுத்த பொறுப்புள்ள நிறுவனம்) பெயரில் வாங்கினால் உறுப்பினர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக 941 வேண்டும். ஒருவர் கொடுக்காவிட்டால் அவர் பங்கு வெட்டுப்படும்.

விண்ணப்பம் ஆண்டு முழுவதும் வாங்குவார்கள். ஆனால் மாநிலம் அறிவிக்கும் கடைசித் தேதிக்குள் வந்தவை மட்டுமே அந்தச் சுற்றில் தரவரிசைக்குப் போகும். பில் தொகையைப் பார்த்துத் தருவதில்லை. வேலிக்கு அடிக்கு இவ்வளவு என்று மாநில அட்டவணை இருக்கிறது, அதன்படிதான். மதிப்பிட்ட செலவில் 75 சதவீதம் வரை. பண்ணை நடத்தத் தொடங்கி 10 வருடம் ஆகாதவர்களுக்கு 90 வரை. அவர்கள் கேட்டால் பாதியாவது முன்பணமாகவும் கிடைக்கும், அதை 90 நாளுக்குள் செலவழிக்க வேண்டும். திட்டத்தில் நான்கு கம்பி என்று இருந்து நீங்கள் மூன்று இழுத்தால் சோதனைக்கு வருபவர் சான்று தரமாட்டார். கம்பி, கம்பம் வாங்கும் முன்பே அளவுக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள்.

புல்வெளி: சிஆர்பி வாடகை தானாக மாறாது. ஒப்பந்தத்தை ஏற்று நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும், எஃப்எஸ்ஏவும் ஒப்புதல் தர வேண்டும். நீங்கள் ஏற்காவிட்டால் விற்றவர் இதுவரை வாங்கிய வாடகை, புல் போடப் பெற்ற உதவித்தொகை எல்லாவற்றையும் வட்டியோடு திருப்பித் தர வேண்டும், மேலே ஒரு வருட வாடகையில் 25 சதவீதம் அபராதம். அதனால்தான் விற்பவரின் வக்கீல் இதைக் கிரயப் பத்திரத்திலேயே உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார். கையெழுத்துக்கு முன் சிஆர்பி-1 (ஒப்பந்தப் படிவம்) நகலையும் பராமரிப்புத் திட்டத்தையும் படியுங்கள். இடைக்கால மேலாண்மை வேலை (ஒப்பந்தக் காலத்தின் நடுவில் புல்லைச் சீராக்கச் செய்வது) பாக்கி இருந்தால் அது இனி உங்களுடையது.

அந்த 80 ஏக்கரில் இஷ்டத்துக்கு மாடு விட முடியாது. அனுமதி வேண்டும், பறவைகள் கூடுகட்டும் காலத்தில் (கான்சாஸில் ஏப்ரல் 15 முதல் ஜூலை 15) வழக்கமான அனுமதியும் கிடையாது. அது புல்வெளி சிஆர்பியாக இருந்தால் கதை வேறு, மேய்ச்சலே அதில் திட்டத்தின் பகுதி. எந்த வகை என்று முதலில் கேளுங்கள்.

புதுநிலம்: வாடகை எப்போது வரும்? வரி உண்டா?

புல்வெளி: அக்டோபர் 1-க்குப் பிறகு, வருடத்துக்கு ஒருமுறை. ஆளுக்கு 50,000 டாலர் உச்சவரம்பு. வருமான வரி உண்டு. சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் வாங்காதவருக்குச் சுயதொழில் வரியும் சேரும். நிலத்தின் விலையைப் பேசும்போது இதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

கம்பிவேலி: தொட்டியை மறந்துவிட்டோம். தொட்டி, குழாய், சுற்றிலும் சேறாகாமல் போடும் சரளைத் தளம் மூன்றும் தனித்தனி இனம். விண்ணப்பத்தில் தொட்டி மட்டும் இருந்தால் மற்ற இரண்டும் உங்கள் கைக்காசு.