மோட்டார் மெக்கானிக்குகளும் அரிசி ஆலைகளும் என் கடையைத் தேடி வர என்ன செய்யலாம்?

மன்னார்குடி பம்புக்கடை:

வணக்கம். மன்னார்குடியில் பம்புசெட் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். பேரிங், மெக்கானிக்கல் சீல், இம்பெல்லர், கெப்பாசிட்டர், காயில் கம்பி, ஃபுட் வால்வு எல்லாம் உண்டு. அப்பா காலத்தில் சுற்றுவட்டார மெக்கானிக்குகள் காலை ஆறு மணிக்கே வாசலில் வந்து நிற்பார்கள். அப்பா போன பிறகு அவர்களில் பாதிப் பேர் தொழிலை விட்டுவிட்டார்கள். அவர்களிடம் வேலை பழகிய பிள்ளைகளை எனக்குத் தெரியாது, அவர்களுக்கும் என்னைத் தெரியாது.

போன சித்திரையில் முகநூலில் மூவாயிரம் ரூபாய்க்கு விளம்பரம் கொடுத்தேன். கடை முகப்பு, புது மோட்டார் வரிசை, 'அனைத்து உதிரிபாகங்களும் கிடைக்கும்' என்ற வாசகம். விருப்பக்குறி நானூறைத் தாண்டியது. போனில் அழைத்தவர்கள் பதினோரு பேர். ஒருவர் திண்டுக்கல், ஒருவர் ஓசூர். மற்றவர்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குச் சின்ன மோட்டார் விலை கேட்டவர்கள். மெக்கானிக் ஒருவர்கூட இல்லை.

எனக்கு வேண்டியவர்கள் மாதம் நான்கு முறை வந்துபோகும் மெக்கானிக்குகளும், அறுவடைக்கு முன்னால் மொத்தமாக வாங்கும் அரிசி ஆலைகளும்தான். இவர்களை இந்த வழியில் எட்ட முடியுமா? முடியாது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், அடுத்த மூவாயிரமாவது மிஞ்சும்.

நீடாமங்கலம் காயில் வேலை:

தம்பி, நான் இருபத்திரண்டு வருடமாக மோட்டார் காயில் கட்டுகிறேன். உங்கள் விளம்பரம் என் கண்ணில் பட்டிருந்தாலும் தள்ளிவிட்டுத்தான் போயிருப்பேன். 'எல்லாம் கிடைக்கும்' என்று எழுதாத கடை நம் பக்கம் எங்கே இருக்கிறது? என் முன்னால் பிரித்துக் கிடக்கிற மோட்டாருக்கு வேண்டியது இன்றைக்கு உங்களிடம் இருக்கிறதா, அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

வயலில் நடப்பதைச் சொல்கிறேன். மோட்டாரைப் பிரித்தால் பேரிங்கில் எண் தேய்ந்து போயிருக்கும். கை முழுக்க கிரீஸ். எழுத்துத் தட்ட முடியாது. சுண்டுவிரலால் அழுத்திக் குரல் பதிவு அனுப்புவேன், இல்லையென்றால் கூட வந்த பையனைப் படம் எடுக்கச் சொல்வேன். படத்தைப் பார்த்துவிட்டு 'என்ன எண்?' என்று திருப்பிக் கேட்கிற கடைகள்தான் அதிகம். எண் தெரிந்தால் நான் ஏன் படம் அனுப்புகிறேன்?

ஒரு இரும்பு ஸ்கேல் மேல் பழைய பேரிங்கை வைத்து ஒரு நிமிட வீடியோ எடுங்கள். உள்துளை 25 மில்லிமீட்டர், வெளிவட்டம் 52, தடிமன் 15 என்றால் அது 6205. அதே 25 துளைக்கு வெளிவட்டம் 62, தடிமன் 17 என்றால் 6305. இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள். புதுப் பையன்கள் வழுக்குவது இங்கேதான். துளை தண்டில் சரியாக ஏறுகிறதே என்று வாங்கிப்போய்விடுவார்கள், மோட்டார் மூடியில் உட்காராது. வெயிலில் பத்து கிலோமீட்டர் திரும்பி வருவார்கள். அடுத்த வீடியோவில் இரும்பு மறைப்பு போட்ட பேரிங் எங்கே, ரப்பர் மறைப்பு போட்டது எங்கே என்று சொல்லுங்கள். இப்படி நான்கு வந்தால் உங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளும்படி நானே என் பையன்களிடம் சொல்வேன்.

சேமிப்பதுதான் முக்கியம். வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் வைத்திருப்பவருக்குத்தான் செய்தி போய்ச் சேரும். குழு மட்டும் ஆரம்பிக்காதீர்கள். மூன்றாம் நாள் காலை வணக்கப் படங்கள் நிறைந்துவிடும், எல்லாரும் ஒலியை அடைத்துவிடுவார்கள்.

இன்னொன்று, இதை மனத்தில் வையுங்கள். மெக்கானிக் விலையை, அதாவது எங்களுக்கென்று தனியாகக் கொடுக்கும் விலையை, முகநூலில் போடாதீர்கள். மிராசுதார் அதைப் பார்த்துவிட்டு எங்களிடம் கணக்குக் கேட்பார், அதோடு உங்கள் கடைப் பக்கமே வர மாட்டோம். விலை தனிச் செய்தியில் வரட்டும். அதுவும் காலை ஆறு மணிக்குள் வரட்டும். பத்து மணிக்கு மேல் நாங்கள் வரப்பில் இருப்போம்.

ஒரத்தநாடு டிராக்டர் பட்டறை:

விளம்பரமே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். இடத்தைக் குறிக்காமல் கொடுத்திருப்பீர்கள், ஓசூர் வரை போனதற்கு அதுதான் காரணம். ஆனால் மன்னார்குடியை நடுவில் வைத்து வட்டம் போட்டாலும் பணம் வீண். வட்டத்தின் பாதி முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி பக்கம் விழும். அங்கே நிலத்தடி நீர் உப்பு, போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டவர்கள் குறைவு. நடுப்புள்ளியை வடமேற்கே நகர்த்துங்கள். வடுவூர், ஒரத்தநாடு, பாபநாசம் பக்கம்தான் குறுவைக்கு மோட்டார் ஓடுகிறது.

மாதத்தையும் பாருங்கள். மேட்டூர் வழக்கமாக ஜூன் 12 திறக்கும். 2024-இல் ஜூலை 28 வரை திறக்கவில்லை. அந்த ஒன்றரை மாதமும் போர் தண்ணீரை நம்பித்தான் குறுவை நின்றது, என் பட்டறையில் மோட்டார் அடுக்க இடம் இல்லை. அணையில் தண்ணீர் குறைவு என்று செய்தி வரும்போது செலவு செய்யுங்கள். ஆற்றில் தண்ணீர் நிறைந்து வரும்போது நிறுத்திவிடுங்கள்.

தஞ்சாவூர் கணக்கு எழுதுபவர்:

அரிசி ஆலைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. மூன்று ஆலைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். முதலாளி முகநூலில் பார்த்து வி-பெல்ட் வாங்கியதை நான் ஒருநாளும் கண்டதில்லை. ஆலை ஃபோர்மேன் பெயர் சொல்வார், நான் விலைப்புள்ளி கேட்பேன். அந்த நேரத்தில் கடையின் பெயரைக் கூகுளில் தேடுவேன். முகவரி, திறந்திருக்கும் நேரம், ஜிஎஸ்டி எண் தெரியும் பில்லின் படம் இருந்தால் போதும், அழைத்துவிடுவேன்.

அதைவிடப் பெரிய விஷயம் பில். மாதாமாதம் தாக்கல் செய்பவர் என்றால் அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கைப் போட வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறை என்றால் முதல் இரண்டு மாத பில்களை ஐஎஃப்எஃப் என்ற பில் ஏற்றும் வசதி வழியாக அடுத்த மாதம் 13-ஆம் தேதிக்குள் ஏற்றலாம். ஏற்றினால்தான் 14-ஆம் தேதி வாங்குபவரான எங்கள் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் வரி வரவு தெரியும். போன வருடம் ஒரு கடை இரண்டு மாதம் ஏற்றாமல் விட்டது. முதலாளியிடம் பேச்சு வாங்கியது நான். அந்தக் கடையிலிருந்து பிறகு ஒரு போல்ட்கூட வாங்கவில்லை. 'பில் உரிய நாளில் ஏறும்' என்று உங்கள் வாட்ஸ்அப் கேட்டலாக்கில் எழுதி வையுங்கள், என் போன்றவர்கள் அதைத்தான் படிப்போம். தை பிறந்து சம்பா நெல் வருவதற்கு முன், கார்த்திகையிலேயே ஃபோர்மேன்களை நேரில் போய்ப் பாருங்கள்.

மன்னார்குடி பம்புக்கடை:

அண்ணா, அக்கா, எல்லாருக்கும் நன்றி. மெக்கானிக் விலையைப் பொதுவில் போட இருந்தேன், நல்ல வேளையாகச் சொன்னீர்கள். ஃபோர்மேன் பட்டியலை அப்பாவின் பழைய நோட்டிலிருந்து எடுக்க ஆரம்பித்துவிட்டேன். நேற்று இரவு 6205, 6305 வீடியோ எடுத்தேன். கடை விளக்கில் ஸ்கேல் பளபளத்து எண்ணே தெரியவில்லை. என்னிடம் துல்லியமாக அளக்கும் வெர்னியர் இருக்கிறது, அதை வைத்து எடுக்கட்டுமா?

நீடாமங்கலம் காயில் வேலை:

வெர்னியர் வேண்டாம் தம்பி. பையன்கள் பையில் ஸ்கேல்தான் இருக்கும், அதை வைத்தே அளக்கக் காட்டுங்கள். பகலில், கடை வாசல் நிழலில், ஒரு சாக்கை விரித்து அதன் மேல் ஸ்கேலை வையுங்கள். பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துவிட்டு எடுங்கள். முதலில் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.