வீட்டுப் பின்புறத்து வேம்பு: அகற்றுவதா, கவாத்து செய்வதா, யாரிடம் ஒப்படைப்பது?

புறநகர்வாசி:
மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டின் பின்புறம் ஏறத்தாழ 40 அடி உயர வேப்பமரம் ஒன்று நிற்கிறது. அதன் பெரிய கிளையொன்று சமையலறையின் ஓட்டுக்கூரைக்கு மேலும், இன்னொன்று தெரு மின்கம்பியை நோக்கியும் நீண்டிருக்கின்றன. சென்ற மழைக்காலத்துக்குப் பிறகு நுனிக்கிளைகள் பலவும் கருகிவிட்டதால், மரம் பட்டுப்போகிறதோ என்று வீட்டில் அஞ்சுகிறார்கள். எங்கள் பகுதியில் மரம் வெட்டும் ஒருவர், விறகைத் தாமே எடுத்துக்கொண்டு 9,000 ரூபாய்க்கு மரத்தை அடியோடு அகற்றித் தருவதாகச் சொல்கிறார். மரப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றோ, காய்ந்த கிளைகளை நீக்கி எடையைக் குறைக்கும் கவாத்துக்கு மட்டும் 26,000 ரூபாய் கேட்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடிவெடுக்க வேண்டும் என்பதால் உங்கள் கருத்துகளைக் கேட்கிறேன்.

மதுராந்தகம் வேலு:
மரத்தை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது உங்கள் குடும்பத்தின் முடிவு. ஆனால் வேலையை அந்த உள்ளூர்க்காரரிடமே கொடுங்கள். இரண்டு தலைமுறையாக மரம் ஏறிப் பிழைக்கும் குடும்பங்களை எங்கள் பக்கத்தில் நான் அறிவேன். எந்தக் கிளை ஆள் எடையைத் தாங்கும், எது தாங்காது என்பதை அவர்கள் காலால் உணர்வார்கள். கிளையில் வடத்தைக் கட்டி, வடத்தின் மறுமுனையை இன்னொரு மரத்தின் தூரில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, ஓட்டுக்கூரையில் ஓர் ஓடும் உடையாமல் இறக்கிவிடுவார்கள். நிறுவனத்தின் தூக்கு வண்டி உங்கள் பக்கத்துக் குறுகிய சந்துகளுக்குள் நுழையாது. கடைசியில் அவர்களும் இதே ஆட்களைத்தான் தினக்கூலிக்கு அழைத்து வருவார்கள், மிச்சப் பணம் இடையில் நிற்பவருக்குப் போகும்.

தோட்டக்கலை தாரிணி:
வேலு ஐயா ஏறுபவரின் திறமையைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஏறுவது வேறு, எதை வெட்டலாம், எங்கே வெட்டலாம் என்று முடிவுசெய்வது வேறு. மழையும் பனியும் சேர்ந்த மாதங்களில் வேம்பின் நுனிகள் கருகுவது தமிழ்நாட்டில் பல ஊர்களில் காணப்படும் நுனிக்கருகல் நோய். போமாப்சிஸ் என்ற பூஞ்சையால் வருகிறது, தேயிலைக் கொசு எனப்படும் நாவாய்ப்பூச்சி சாற்றை உறிஞ்சிய இடங்களில் இன்னும் கடுமையாகத் தெரிகிறது. பார்ப்பவர்களுக்கு மரம் செத்துவிட்டதைப் போலத் தோன்றினாலும், வெயில் ஏறியதும் பெரும்பாலான மரங்கள் மறுபடி துளிர்த்துவிடுகின்றன. உங்கள் மரம் கோடையில் துளிர்த்ததா?

புறநகர்வாசி:
துளிர்த்தது. கீழும் நடுவும் இப்போது நன்றாகத் தழைத்திருக்கின்றன. உச்சியில் சில கிளைகள் மட்டும் காய்ந்தபடியே நிற்கின்றன.

தோட்டக்கலை தாரிணி:
அப்படியானால் உயிருள்ள ஒரு மரத்தை அகற்றுவதற்குத்தான் உங்களிடம் விலை பேசப்பட்டிருக்கிறது. விறகைத் தாமே எடுத்துக்கொள்கிறேன் என்ற அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள். வைரம் பாய்ந்த வேம்பின் அடிமரத்துக்கு மரக்கடையில் நல்ல விலை உண்டு. கூலியின் ஒரு பகுதி மரமாகவே கிடைக்கும்போது, மரம் நிற்கட்டும் என்று சொல்வதால் வெட்டுபவருக்கு நட்டம் மட்டுமே வரும். அவர் நேர்மையற்றவர் என்று நான் சொல்லவில்லை. அந்த ஒப்பந்தமே அவரை வெட்டும் பக்கம் தள்ளுகிறது என்றுதான் சொல்கிறேன்.

மதுராந்தகம் வேலு:
நிறுவனத்துக்கு மட்டும் ஆதாயம் இல்லையா, அம்மா? மரம் நின்றால்தான் ஆண்டுதோறும் கவாத்து, மருந்து என்று அவர்களுக்கு வரவு இருக்கும். மேலும் 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது சென்னையிலும் புறநகரிலும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு, வீட்டை ஒட்டிய மரத்தைப் பற்றி அச்சம் இருக்கத்தான் செய்யும். கூரை இடிந்து ஒருவர் அடிபட்டால் அந்தப் பொறுப்பை யார் ஏற்பார்கள்? அகற்ற நினைப்பவரைக் குற்றவாளியைப் போலப் பார்க்க வேண்டாம்.

ஓய்வுபெற்ற பொறியாளர்:
வர்தாவில் பெருமளவில் சாய்ந்தவை குல்மோகர், தூங்குமூஞ்சி, இயல்வாகை போன்ற மரங்கள். வேம்பும் விழுந்தது, ஆனால் விழுந்த பலவற்றின் தூரைப் பார்த்தபோது வேர் ஒரு பக்கம் மட்டுமே இருந்தது. மறுபக்க வேரை மழைநீர் வடிகாலுக்கோ சுற்றுச்சுவர் அடித்தளத்துக்கோ வெட்டியிருந்தார்கள். ஆகவே உங்கள் மரத்தின் உச்சியைப் பார்ப்பதற்கு முன் அடியைப் பாருங்கள். அண்மையில் அருகே பள்ளம் தோண்டினீர்களா, தூரைச் சுற்றி மண் வெடித்திருக்கிறதா, அடியில் காளான் முளைத்திருக்கிறதா, மரச்சுத்தியால் தட்டினால் பொந்து ஓசை வருகிறதா என்பவற்றைக் கவனியுங்கள். இவற்றில் ஒன்றிரண்டு இருந்தால் அகற்றுவதே சரி, அதில் தாரிணி அவர்களும் மாறுபடமாட்டார் என்று நினைக்கிறேன். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து மின்னோட்டத்தை நிறுத்தச் செய்யாமல், மின்கம்பிப் பக்கக் கிளையை எவரும் தொடக் கூடாது, ஏனெனில் பச்சைக்கிளை கம்பியைத் தொட்டாலே அதன் வழியே மின்சாரம் பாயும்.

தோட்டக்கலை தாரிணி:
மாறுபடவில்லை. அப்படி எந்த அறிகுறியும் இல்லையென்றால் கவாத்து போதும், ஆனால் கவாத்து என்ற பெயரில் மொட்டையடிக்க விட்டுவிடாதீர்கள். உச்சியை வெட்டி எறிந்தால் வெட்டுவாயைச் சுற்றிக் கொத்தாகப் போத்துகள், அதாவது புதுக்கிளைகள், கிளம்பும். அவை மரத்தின் உட்பகுதியில் பிடிப்பில்லாமல் பட்டைக்குச் சற்றுக் கீழிருந்து வளர்பவை என்பதால், சில ஆண்டுகளில் கனத்ததும் காற்றுக்கு ஒடிந்து விழும். ஆபத்தைக் குறைக்கச் செய்த வேலை ஆபத்தைக் கூட்டிவிடும். ஒரே ஆண்டில் இலைப்பரப்பில் கால்பங்குக்கு மேல் நீக்கக் கூடாது என்பது மரப் பராமரிப்பில் பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு.

வெட்டும் முறையும் முக்கியம். தடித்த கிளையை மேலிருந்து ஒரே மூச்சில் அறுத்தால், பாதியிலேயே அது தன் எடையால் முறிந்து அடிமரத்தின் பட்டையை நெடுகக் கிழித்துக்கொண்டு விழும். ஆகவே அடிமரத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி முதலில் கீழ்ப்புறம் சிறிது அறுத்து, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்து எடையை இறக்கிய பிறகே, மிஞ்சிய குட்டைத் துண்டை எடுக்க வேண்டும். அந்தக் கடைசி வெட்டு, கிளை புறப்படும் இடத்தில் வளையமாகப் புடைத்திருக்கும் பகுதியைத் தொடாமல் அதற்கு வெளியே விழ வேண்டும். அமெரிக்க வனத்துறையின் ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து, மரம் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை, அதைச் சுற்றித் தடுப்பு எழுப்பி அழுகல் உள்ளே பரவாமல் அடைக்கிறது என்று காட்டினார். அந்தப் புடைப்பைச் சீவிவிட்டால் அந்தத் தடுப்பு பலவீனப்படும்.

மதுராந்தகம் வேலு:
எங்கள் ஆட்கள் வெட்டுவாயில் சாணம் பூசுவார்கள், அதையும் தவறென்பீர்களா?

தோட்டக்கலை தாரிணி:
தவறாக வெட்டிய இடத்தைச் சாணமோ தாரோ காப்பாற்றாது, சரியாக வெட்டிய இடத்துக்குப் பெரும்பாலும் எதுவும் தேவைப்படாது.

புறநகர்வாசி:
அடியில் வெடிப்போ காளானோ இல்லை, தட்டினால் ஓசை திண்மையாகவே இருக்கிறது. எனவே மரத்தை வைத்துக்கொள்கிறோம். மரம் பார்க்கத் தெரிந்த ஒருவருக்கு ஆலோசனைக் கட்டணம் மட்டும் கொடுத்து, நீக்க வேண்டிய கிளைகளில் சுண்ணாம்பால் குறியிடச் சொல்லலாம் என்றும், வெட்டும் வேலையை அந்த உள்ளூர்க்காரரிடமே நாள்கூலிக்குக் கொடுத்து, விறகை நாங்களே விற்றுக்கொள்ளலாம் என்றும் நினைக்கிறேன். மூலையில் ஒரு பனையும் நிற்கிறது. அதையும் சேர்த்து எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

ஓய்வுபெற்ற பொறியாளர்:
பனையைத் தொடாதீர்கள். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்று 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அரசு அறிவித்துவிட்டது.

மதுராந்தகம் வேலு:
குறியிடும் யோசனையை ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. குறியிடும்போது ஏறப்போகிறவரும் உடன் இருக்கட்டும், அவர் ஏற மறுக்கும் கிளையில் குறி இருந்தாலும் கட்டாயப்படுத்தாதீர்கள். இடுப்புக்கயிறும் தலைக்கவசமும் வாங்கிக் கொடுங்கள், அவர் பெயரில் விபத்துக் காப்பீடும் எடுங்கள். நிறுவனத்துக்கு 26,000 ரூபாய் கொடுத்திருந்தாலும் இந்தக் காப்பீடு இருக்கிறதா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். மின்வாரியக் கடிதத்தை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள், ஐப்பசி பிறந்துவிட்டால் மழைப் பழுதுகளுக்கே அவர்களுக்கு ஆட்கள் போதாது.