மொரீசியஸ் போய்ப் படித்தவர்கள், அங்கிருந்து இங்கே வந்து படித்தவர்கள்: மனதை விட்டுப் போகாத ஒரு ஆளைப் பற்றிச் சொல்லுங்கள்

பொருநைக்கரை

மொரீசியஸில் மோக்கா என்ற ஊரில் இருக்கும் மகாத்மா காந்தி நிறுவனத்துக்குக் குறுகிய காலப் படிப்புக்காகப் போனோம். இந்திய மொழிகளும் பண்பாடும் சொல்லிக்கொடுக்கிற இடம், இந்தியாவிலிருந்து கூலிக்கு வந்தவர்களின் பதிவுகளும் அங்கேதான் இருக்கின்றன. காலையில் வகுப்பு, மதியம் குடியேற்ற ஆவணங்கள். மோக்கா மழை, மலை, விடுதிச் சாப்பாடு எல்லாம் இன்றைக்கும் இனிக்கிறது. ஆனால் எழுத வந்தது ஒரு பாட்டிக்காக.

பேரனோடு வந்திருந்தார். கொள்ளுத்தாத்தாவின் பதிவு கேட்டு முன்பே மனுப் போட்டிருப்பார் போல. அலுவலர் நகலைக் கொண்டுவந்து வைத்தார். எண், கப்பல், அப்பா பெயர், வயது, உயரம், உடம்பில் உள்ள அடையாளம், ஊர். முழங்காலில் தழும்பு என்று இருந்தது. பேரன் படித்துச் சொன்னதும் பாட்டி குனிந்து தன் முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஊர்ப் பெயரை அந்தக் காலத்து எழுத்தர் சிதைத்து எழுதியிருந்தார். தஞ்சாவூர்ப் பக்கம் என்பதுவரை புரிந்தது.

"இந்தப் பெண் அந்த நாட்டிலிருந்து வந்தவள்" என்று அலுவலர் என்னைக் காட்டிவிட்டார். பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே எல்லோரும் பேசும் கிரியோல் மொழியில் ஏதோ கேட்டார். பேரன் ஆங்கிலத்தில் சொன்னான்: "தாத்தா வீட்டில் சொல்லாமல் கிளம்பி வந்தவராம். அங்கே இன்னும் யாருக்காவது எங்கள் மேல் கோபம் இருக்குமா என்று கேட்கிறார்."

இருக்காது பாட்டி என்றேன். வேறு என்ன சொல்ல? ஆனால் அந்தக் குடும்பத்தின் சார்பில் பதில் சொல்ல நான் யார் என்பது இன்னும் உறுத்துகிறது.

1834லிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம்மவர்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு பதிவு இருக்குமாம். வேறு யாராவது பார்த்திருக்கிறீர்களா?

ரோஸ்ஹில் டீச்சர்

நான் எதிர்த்திசை. இங்கே மொரீசியஸில் ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பயிற்சிக்காகத் தமிழ்நாடு போனேன். எங்களுக்கு விடிந்தால் பாண் வேண்டும், கடையில் அப்போதுதான் சுட்டு எடுத்த நீள ரொட்டி, அதற்குள் வெண்ணெய். விடுதியில் முதல் நாள் காலை இட்லி வந்தது, நன்றாகத்தான் இருந்தது. மறுநாள், "அம்மா, பிரெட் கிடைக்குமா?" என்று கேட்டேன். சமையல் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "காய்ச்சல் இல்லையே, வயிறு சரியில்லையா கண்ணு?"

அங்கே ரொட்டி நோயாளிக்கு என்பது எனக்கு எப்படித் தெரியும்? எங்களுக்கு அது தினமும். விளக்கிச் சொல்லியும் அவர் நம்பவில்லை. கிளம்பும்வரை ராத்திரி எனக்கு மட்டும் மிளகு ரசம் வந்தது, கூட ஒரு பாக்கெட் பிரெட், ஒரு பாட்டில் வெந்நீர். மற்ற டீச்சர்களுக்குப் பொறாமை. இங்கே ஏழு கறி விருந்தில் இலையில் ரசோன், அதாவது உங்கள் ரசம், ஊற்றும்போதெல்லாம் அந்தப் புறங்கை நினைவு வரும். தொலைபேசி எண் வாங்கினேன். ஒரு வருஷம் பேசினோம், அப்புறம் அந்த எண் வேலை செய்யவில்லை.

மலைக்கோவில் அடிவாரம்

பொருநைக்கரை தங்கச்சி, பாட்டி கதை நல்ல கதை. ஆனால் "நம்மவர்கள் எல்லோருக்கும்" என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். லாபூர்தொனே என்ற பிரெஞ்சுக்காரர் 1735இல் இங்கே ஆளுநராக வந்த பிறகு புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கைவினைஞர்களைக் கூட்டிவந்தார்கள். கல் தச்சர், மரத்தச்சர், கொல்லர். தலைநகர் போர்ட் லூயிஸைக் கட்டியதில் அவர்கள் கை உண்டு. ஒப்பந்தக் கூலி வருவதற்கு நூறு வருஷம் முன்னால் இது. 1834 நவம்பர் 2ஆம் தேதி அட்லஸ் கப்பலில் வந்த 36 பேரும் கல்கத்தாவில் ஏறியவர்கள், தமிழர்கள் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் கூலிகள் வந்து இறங்கிய துறைமுகக் கட்டடமான ஆப்ரவாசி காட்டின் பதினாறு படிகளில் நின்று படம் எடுத்துக்கொண்டு வரலாறு முடிந்தது என்று போய்விடுகிறார்கள். அந்தக் கட்டடமே 1849இல்தான் வந்தது.

இன்னொன்று. எங்கள் மொரீசியஸ் ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்த வரி தமிழ். 1998இல் அந்த வரிசையை மாற்றி அச்சடித்தார்கள். நாங்கள் தெருவுக்கு வந்தோம், அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பழைய வரிசையில் மறுபடி அச்சடித்தார்கள். தோட்டக் கூலியின் பேரன் என்று பரிதாபப்பட யாரும் வர வேண்டாம்.

சரி, என் விஷயம். நான் எங்கும் போய்ப் படித்ததில்லை, படிக்க வந்த ஒரு பையனைச் சொல்கிறேன். காத்ர் போர்ன் ஊரில் நான் காவடி எடுத்த நாள். நாக்கிலும் கன்னத்திலும் வேல், வாய் திறக்க முடியாது. கோடை வெயில், தார் ரோடு கொதிக்கிறது. சென்னையிலிருந்து வந்தவன் என்று யாரோ சொன்னார்கள், குறிப்பேடும் பேனாவுமாக என் பக்கத்திலேயே வந்து கேள்வி மேல் கேள்வி. பத்து நாள் விரதத்தில் என்ன சாப்பிடுவீர்கள், சொம்பில் பால் திரியாதா என்று. இவனுக்குக் கண் தெரியாதா என்று எனக்குக் கோபம். என் கால் ஒரு இடத்தில் துள்ளியதைப் பார்த்தான். குறிப்பேட்டைச் சட்டைக்குள் சொருகிவிட்டு, ஒரு வீட்டு வாசலில் வாளியை வாங்கி, மலைப்படி வரைக்கும் எனக்கு முன்னால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நடந்தான். வேல்களைப் பிடுங்கிய பிறகு தேடினேன், ஆளைக் காணோம். அவன் கேட்ட ஒரு கேள்விக்காவது பதில் சொல்லியிருப்பேன். தம்பி இதைப் படித்தால் எழுதட்டும்.

கடலூர் சிவில்

மொரீசியஸுக்குக் கட்டுமானம் படிக்கப் போனேன், புயல் எச்சரிக்கை வந்து விடுதியிலேயே அடைந்து கிடந்தோம். காவலாளி எல்லோருக்கும் சார்தின் (மத்தி மீன்) டின் உடைத்துச் சோறு போட்டார், அவ்வளவுதான் என் கதை. போகிறவர்களுக்குச் சில விஷயம். புயல் எச்சரிக்கை ஒன்று முதல் நான்கு வரை. மூன்று அறிவித்தால் பஸ்ஸும் கடையும் நின்றுவிடும். ஆகவே இரண்டிலேயே ரொட்டி, மெழுகுவத்தி, தண்ணீர் வாங்கிவிடுங்கள். பஸ்ஸில் டிக்கெட்டை இறங்கும்வரை தொலைக்காதீர்கள், பரிசோதகர் ஏறுவார். நம்ம ஊர் மூன்று கால் பிளக் பொருந்தாது, அங்கே பெரும்பாலும் இங்கிலாந்து மாதிரிச் சதுர மூன்று கால். மதியத்துக்குப் பருப்பு அடைத்த மெல்லிய ரொட்டியான தால் பூரி போதும், இரண்டைச் சேர்த்துச் சுருட்டிக் கொடுப்பார்கள், மிளகாய் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஜூலை, ஆகஸ்ட் அங்கே குளிர்காலம், மேட்டில் இருக்கும் க்யூர்பீப்புக்கு ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள். முக்கியமாக, யாரைப் பார்த்தாலும் தமிழில் பேசச் சொல்லிச் சோதிக்காதீர்கள். கோவிலில் தேவாரம் பாடுகிறவர் வீட்டில் கிரியோல் பேசுவார், அது அவர் சௌகரியம். அப்புறம் ஞாயிறு மதியத்துக்கு மேல் பல கடைகள் மூடிவிடும், சனிக்கிழமையே

ரோஸ்ஹில் டீச்சர்

கடலூர்த் தம்பி, பாதியில் நின்றுவிட்டது. அறிவுரை எல்லாம் சரி, ஆனால் க்யூர்பீப்புக்கு ஸ்வெட்டர் சொன்னீர்கள், குடையை விட்டுவிட்டீர்களே, அங்கே போயிருக்கிறீர்களா இல்லையா? அந்தக் காவலாளியைப் பற்றி எழுதுங்கள். சோறு எதில் சமைத்தார், கரண்ட் இருந்ததா?