சிகாகோ வடக்கு ஏரிக்கரை: அப்டவுன், எட்ஜ்வாட்டர், ரோஜர்ஸ் பார்க், எங்கே வீடு பார்ப்பது?

கேள்வி
ரெண்டு பேர், கார் கிடையாது, வேலை லூப்பில் (நகர மையம்). மூணு ஏரியாவுக்கும் ரெட் லைன் ரயில் இருக்குன்னு தெரியும். மத்தபடி என்ன வித்தியாசம்? வீட்டில் எதைக் கவனிக்கணும்?

பதில் 1
ஏரியா பேரை விட முகவரி எண்தான் அதிகம் சொல்லும். ஸ்டேட், மேடிசன் தெருக்கள் சந்திக்கும் இடம் பூஜ்யம். 800 எண்ணுக்கு ஒரு மைல். அப்டவுன் 4000 வடக்கிலிருந்து 5200 வரை, எட்ஜ்வாட்டர் 6400 வரை, அதுக்கு மேல ரோஜர்ஸ் பார்க். எட்ஜ்வாட்டரைத் தனி ஏரியாவாகப் பிரிச்சதே 1980-ல்தான்.

உண்மையான மாற்றம் கிழக்கு மேற்காகத்தான். 5600 வடக்கு, பிரின் மார் தெருவை எடுத்துக்கோங்க. ஏரி ஓரம் ஷெரிடன் ரோட்டில் வரிசையா அடுக்குமாடிக் கோபுரங்கள். கொஞ்சம் மேற்கே ரயில் பாதை, அடுத்து பிராட்வே கடைகள். 1500 மேற்கில் கிளார்க் தெரு வந்ததும் ஆண்டர்சன்வில்: ஸ்வீடன்காரங்க குடியேறிய பகுதி, தாழ்வான செங்கல் கட்டடங்கள், அவங்க அருங்காட்சியகமும் அங்கேயே. இத்தனையும் கால் மணி நேர நடைக்குள்ள. தெற்கே 5000 வடக்கில் ஆர்கைல் ஸ்டேஷனில் இறங்கினா வியட்நாம் கடைகள். அதனால 'எட்ஜ்வாட்டர் எப்படி?'ன்னு கேட்காம, எந்தத் தெருவுக்கும் எந்தத் தெருவுக்கும் நடுவிலன்னு கேளுங்க.

பதில் 2
கட்டட வகையைப் பாருங்க. 'ஃபோர் ப்ளஸ் ஒன்'னு 1960-கள் கட்டடம் நிறைய இருக்கும்: கீழே பாதி பூமிக்குள்ள பார்க்கிங், மேலே நாலு மாடி, பெரும்பாலும் சின்ன வீடுகள். மேல்பகுதி மரச்சட்டம் என்பதால் மாடிக்காரர் நடக்கும் சத்தம் கேட்கும். சாயங்காலம், எல்லாரும் வீட்டில் இருக்கும் நேரத்தில் போய்ப் பாருங்க.

நடுவில் முற்றம் விட்டு ப வடிவில் கட்டின பழைய செங்கல் கட்டடங்களில் சுவர் கனம். பொது பாய்லர், ரேடியேட்டர். ஹீட்டிங் பல இடங்களில் வாடகையிலேயே சேர்ந்திருக்கும். ஆனா சூட்டைக் கூட்டிக் குறைப்பது உங்க கையில் இல்லை.

கேட்டவர்
சூடு பத்தலைன்னா?

பதில் 2
ஹீட்டிங் உரிமையாளர் பொறுப்புன்னா நகரச் சட்டமே இருக்கு. செப்டம்பர் 15 முதல் ஜூன் 1 வரை, காலை 8.30 முதல் இரவு 10.30 வரை குறைஞ்சது 68 ஃபாரன்ஹீட், ராத்திரி 66. ஒரு தெர்மாமீட்டர் வெச்சு நேரத்தோடு குறிச்சுக்கிட்டு, நகர நிர்வாகத்தின் 311 எண்ணில் புகார் பண்ணுங்க. ஏரியைப் பார்த்த ஜன்னல்னா, கையெழுத்துப் போடும் முன் ஜன்னல் ஃப்ரேமின் விளிம்பில் கை வெச்சுப் பாருங்க. காற்று உரசினா ஜனவரியில் அந்த அறை தாங்காது.

பதில் 3
தண்ணிக்குப் பக்கத்தில் இருக்கணும்னா ரோஜர்ஸ் பார்க்தான். ஏரிக்கரையை ஒட்டிப் போகும் பெரிய சாலையான லேக் ஷோர் டிரைவ் 5700 வடக்கில், ஹாலிவுட் தெருவோடு முடிஞ்சிடும். அப்டவுனில் அதைச் சுரங்கப்பாதை வழியா தாண்டித்தான் கரைக்குப் போகணும். ரோஜர்ஸ் பார்க்கில் பல தெருக்கள் நேரா மணலிலேயே போய் முடியும். ஆனா மூணு ஏரியாவில் இங்கிருந்துதான் லூப்புக்குப் பயணம் அதிகம்.

ஒண்ணு: டெவன் தெரு இந்தியக் கடைகள் பக்கத்திலேயே இருக்குன்னு நினைச்சு ரோஜர்ஸ் பார்க்குக்குப் போயிடாதீங்க. அவை மேற்கே அடுத்த ஏரியாவான வெஸ்ட் ரிட்ஜில், வெஸ்டர்ன் அவென்யூவை ஒட்டி, ரெட் லைனின் லயோலா ஸ்டேஷனிலிருந்து ஒரு மைலுக்கும் மேல. அரிசி மூட்டையோடு திரும்ப 155 பஸ் பிடிக்கணும்.