அப்பா போனில் 'இ-சலான்' ஏபிகே ஏறிவிட்டது. அன்இன்ஸ்டால் செய்தால் போதுமா?

செந்தூரன்77

அப்பாவின் வாட்ஸ்அப்பில், அவருக்குத் தெரிந்தவர் எண்ணிலிருந்தே 'ஆர்டிஓ இ-சலான்' (போக்குவரத்து அபராத ரசீது) என்று ஒரு ஏபிகே ஃபைல், அதாவது ப்ளே ஸ்டோர் இல்லாமல் நேரடியாக ஆப்பை ஏற்றும் ஃபைல், வந்திருக்கிறது. நம்பி இன்ஸ்டால் செய்துவிட்டார். எஸ்எம்எஸ் அனுமதி கேட்டதற்கும் சரி கொடுத்திருக்கிறார். பிறகு ஒரு ரூபாய் கட்டச் சொல்லி, டெபிட் கார்டு எண்ணையும் எக்ஸ்பயரி தேதியையும் வாங்கியிருக்கிறது. இப்போது அந்த ஆப்பின் ஐகானே காணோம். பணம் எதுவும் இதுவரை போகவில்லை. சாம்சங் போன், ஆண்ட்ராய்டு 14, ஜியோ சிம். தேடிப் பிடித்து நீக்கினால் போதுமா, ரீசெட் வரை போக வேண்டுமா?

பூட்டுச்சாவி

போதாது. ஆப்பைத் தேடுவதை ஒத்திவைத்துவிட்டு, முதலில் அந்தப் போனிலிருந்து சிம்மைக் கழற்றுங்கள். வைஃபையையும் அணைத்துவிடுங்கள்.

இந்த வகை ஆப்புகளுக்கு முக்கிய வேலை ஒன்றுதான்: போனுக்கு வரும் எஸ்எம்எஸ்ஸை எல்லாம் வேறொருவனுக்கு அனுப்புவது. யுபிஐ பின்னைப் புதிதாக வைக்க என்ன தேவை என்று பாருங்கள்: டெபிட் கார்டின் கடைசி 6 எண்கள், எக்ஸ்பயரி தேதி, ஒரு ஓடிபி. முதல் இரண்டையும் அந்த ஒரு ரூபாய்ப் பக்கத்திலேயே வாங்கிவிட்டான், மூன்றாவது எஸ்எம்எஸ்ஸில் வரும். யுபிஐயைப் புதுப் போனில் பதிவு செய்யும்போது சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும் என்பது பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடு. எஸ்எம்எஸ் அனுப்பும் அனுமதியும் ஆப்பிடம் இருப்பதால் அதையும் அப்பா போனிலிருந்தே அனுப்பிக்கொள்ள முடியும். பணம் இன்னும் போகவில்லை என்பதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம்.

கழற்றிய சிம்மை வேறு நல்ல போனில் போடுங்கள். ஜியோ சிம் என்பதால் பழைய 2ஜி பட்டன் போனில் வேலை செய்யாது, 4ஜி போன் வேண்டும். இனி வரும் ஓடிபி எல்லாம் அங்கே வரும், திருட்டு ஆப்பின் கையில் சிக்காது.

அடுத்தது வங்கி. கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு மட்டும் பேசுங்கள். கூகுளில் கஸ்டமர் கேர் எண் தேடினால் அங்கேயும் போலி எண் வைத்துக் காத்திருப்பார்கள். மூன்று விஷயம் கேளுங்கள்: கார்டைத் தற்காலிகமாக அல்ல, நிரந்தரமாக பிளாக் செய்து புதுக் கார்டு, அந்தக் கணக்கில் யுபிஐ நிறுத்தம், நெட்பேங்கிங் முடக்கம். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நெட்பேங்கிங்கில் நுழைந்தவனால் ஃபிக்சட் டெபாசிட்டையும் உடைத்து எடுக்க முடியும். இரண்டு மூன்று வங்கியில் இதே மொபைல் எண் இருந்தால் எல்லா வங்கிக்கும் சொல்லுங்கள்.

சிம் மாறிய போனில் *#21# அடித்து கால் ஃபார்வர்டிங் (வரும் அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்புவது) போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஏதாவது எண் தெரிந்தால் ##002# அடித்து எல்லாவற்றையும் ரத்து செய்யுங்கள். ஓடிபியைக் குரல் அழைப்பாகவும் வாங்கலாம், அதனால்தான்.

கூகுள் கணக்கின் பாஸ்வேர்டை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். குரோமில் வங்கி பாஸ்வேர்டு சேமித்திருந்தால் அதையும்.

நிழற்குடை

ப்ளே ஸ்டோரில் ஏதாவது ஆன்டிவைரஸ் போட்டு ஒரு ஸ்கேன் ஓடவிட்டால் சரியாகிவிடுமே?

பூட்டுச்சாவி

@நிழற்குடை, இந்த ஏபிகேக்களைப் பெயரையும் கையொப்பத்தையும் மாற்றி மாற்றி விடுகிறார்கள். ஸ்கேனரிடம் சிக்கினால் நல்லது, சிக்கவில்லை என்பதால் போன் சுத்தம் என்று ஆகாது. ஏற்கெனவே வெளியே போன கார்டு எண்ணையும் எந்த ஆன்டிவைரஸும் திரும்பக் கொண்டுவராது.

செந்தூரன்77

சிம் மாற்றியாச்சு, கார்டு, யுபிஐ, நெட்பேங்கிங் மூன்றும் நிறுத்தியாச்சு. ஆப் லிஸ்ட்டில் அந்த ஆப்பும் கிடைத்தது. ஆனால் அன்இன்ஸ்டால் பட்டன் மங்கலாக இருக்கிறது. செட்டிங்ஸுக்குள் கொஞ்சம் உள்ளே போனால் திரை தானாக மூடிக்கொள்கிறது.

கம்பிவேலி

பட்டன் மங்கலாக இருந்தால் ஆப்புக்கு டிவைஸ் அட்மின் உரிமை (போனையே நிர்வகிக்கும் உரிமை) கொடுத்தாயிற்று என்று அர்த்தம். திரை மூடிக்கொள்வது ஆக்சசிபிலிட்டி (மாற்றுத்திறனாளிகளுக்கு உதவ வைத்த வசதி) அனுமதியின் வேலை. அந்த அனுமதி இருந்தால் திரையில் என்ன இருக்கிறது என்று படிக்கும், உங்களுக்குப் பதிலாக பட்டனையும் அமுக்கும்; நீக்கப் போகிறீர்கள் என்று தெரிந்ததும் பின்னால் தள்ளிவிடும்.

சேஃப் மோடுக்குப் போங்கள். பவர் மெனுவைத் திறந்து 'பவர் ஆஃப்' மீது விரலை அழுத்திப் பிடித்தால் 'சேஃப் மோட்' என்று வரும், அதைத் தொடுங்கள். போன் மீண்டும் எழும்போது நாமாக ஏற்றிய ஆப்புகள் ஓடாது. முதலில் செக்யூரிட்டி பகுதியில் டிவைஸ் அட்மின் ஆப்ஸ் போய் அதன் டிக்கை எடுங்கள், பிறகு ஆக்சசிபிலிட்டி, கடைசியில் அன்இன்ஸ்டால். வரிசையை மாற்றினால் பட்டன் மங்கலாகவே நிற்கும்.

ஒரு ஏபிகே இன்னொன்றையும் இறக்கி வைப்பது வழக்கம். எனவே கூகுள் பெயரிலோ சிஸ்டம் பெயரிலோ ஐகான் இல்லாமல் வேறு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். நோட்டிஃபிகேஷன் ஆக்சஸ், மற்ற ஆப்புகள் மேல் தோன்றும் அனுமதி, டிஃபால்ட் எஸ்எம்எஸ் ஆப் ஆகிய மூன்று இடங்களில் அடையாளம் தெரியாத பெயர் இருந்தால் அதுதான்.

இவ்வளவும் செய்தபிறகும் ஃபேக்டரி ரீசெட் (போனில் உள்ள எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்குவது) செய்யத்தான் சொல்வேன். இரண்டு மணி நேர வேலை, சந்தேகம் மிச்சமிருக்காது. ஆனால் அதற்கு முன் வந்த மெசேஜ், அனுப்பிய எண், ஆப்பின் பெயரும் அனுமதிகளும் தெரியும் பக்கம் ஆகியவற்றை வேறு போனால் படம் எடுத்து வையுங்கள். ரீசெட்டுக்குப் பிறகு எந்த ஆதாரமும் இருக்காது. கூகுள் பாஸ்வேர்டு கையில் இல்லாமல் ரீசெட் செய்தால் போன் பூட்டிக்கொண்டு அதையே கேட்டு நிற்கலாம். படங்கள், தொடர்பு எண்கள், வாட்ஸ்அப் பேக்கப் எடுத்தால் போதும். ஆப்புகளைப் ப்ளே ஸ்டோரிலிருந்து ஒவ்வொன்றாகப் புதிதாகப் போடுங்கள். மெமரி கார்டு இருந்தால் அதில் அந்த ஏபிகே கிடக்கிறதா என்று தேடி அழியுங்கள்.

வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் பார்த்து, தெரியாததை வெளியேற்றி, டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனில் 6 இலக்க பின் வையுங்கள். திருடர்களே முந்திக்கொண்டு பின் வைத்துவிட்டால் 7 நாள் காத்திருக்க வேண்டிவரும். அந்தத் தெரிந்தவருக்கும் போன் செய்து சொல்லுங்கள், அவர் போனிலும் இதே ஆப் இருக்க வாய்ப்பு அதிகம். அப்பாவின் தொடர்பில் உள்ளவர்களுக்கும் இந்நேரம் ஏபிகே போயிருக்கலாம்.

வரவுசெலவு

பணம் போனால் என்ன செய்வது என்பதையும் சேர்த்துவிடுகிறேன். சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு உடனே அழைக்க வேண்டும். திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். எங்கே மிச்சம் நிற்கிறதோ அங்கேதான் வங்கியால் பிடித்து வைக்க முடியும். காவல் நிலையம் போய்விட்டு அப்புறம் அழைப்போம் என்றால் அதற்குள் ஏடிஎம்மில் எடுத்துவிடுவார்கள். கணக்கு எண், பரிவர்த்தனை எண், தேதி, நேரம், தொகை கையில் இருக்கட்டும். கொடுக்கும் ஒப்புகை எண்ணை வைத்து சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் முழுப் புகாரையும் பதிவு செய்யுங்கள். பணம் போகாத உங்கள் நிலையில் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் 'சக்ஷு' பகுதி இருக்கிறது, அனுப்பிய எண்ணை அங்கே தெரிவிக்கலாம்.

வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து நேரம் குறித்த ரசீது வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதிப்படி, வாடிக்கையாளர் கவனக்குறைவால் போன பணம்கூட, புகார் சொன்ன பிறகு போனால் அது வங்கியின் நஷ்டம். தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை என்றால், 3 வேலை நாளுக்குள் சொன்னவருக்குப் பொறுப்பே கிடையாது. வங்கி வழக்கமாக 'ஓடிபியை நீங்களே கொடுத்தீர்கள்' என்று வாடிக்கையாளர் கவனக்குறைவு என்ற வகையில் தள்ளப் பார்க்கும். ஓடிபியை யாரிடமும் சொல்லவில்லை என்பது உண்மையானால் அந்த வரியைப் புகாரிலேயே எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம்.

கம்பிவேலி

ரீசெட் முடிந்ததும் மறக்காமல் இதையும் செய்யுங்கள். சாம்சங் செட்டிங்ஸில் 'செக்யூரிட்டி அண்ட் பிரைவசி' உள்ளே 'ஆட்டோ பிளாக்கர்' இருந்தால் ஆன் செய்யுங்கள். ப்ளே ஸ்டோர், கேலக்ஸி ஸ்டோர் தவிர வேறு வழியில் ஆப் ஏறாது. இல்லாவிட்டால் 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' பட்டியலில் வாட்ஸ்அப், குரோம், மை ஃபைல்ஸ் மூன்றையும் அணையுங்கள். உண்மையிலேயே அபராதம் இருக்கிறதா என்று அப்பாவுக்குச் சந்தேகம் வந்தால், echallan.parivahan.gov.in தளத்தை நீங்களே டைப் செய்து வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள்.